தடைக்காலத்துக் கணக்கு

தடை தொடங்கிய மூன்றாம் நாள்
படகுச் சாமான்களை வீட்டுக்குக் கொண்டுவந்தார் எமரிட்:
மண்ணெண்ணெய் அடுப்பு, கரிப்பிடித்த சட்டி,
பாதி அரிசி மூட்டை, ரேடியோ,
ஐஸ் பெட்டியின் மூடி மட்டும், எதற்கோ.
கூடவே அவையும் வந்து இறங்கியதை
பத்து நாள் கழித்துத்தான் அறிந்தேன்.

இரவு இரண்டு மணி. தண்ணீர் குடிக்க எழுந்து
விளக்கைப் போட்டேன்.
சமையல் மேடை
ஒரு கணம் பழுப்பாயிருந்தது,
பிறகு வெள்ளையானது.

கரப்புதானே என்றார், புரண்டு படுத்து.
எந்தக் கரப்பு என்பதல்லவா கேள்வி.
சாக்கடை மூடியில் ஏறி வருவது சிவப்பு,
கட்டைவிரல் நீளம்,
மழைக்கு முன் பறந்து மாதா படத்தில் மோதும்.
அதற்கு ஒரு செருப்பு போதும்.
இது வேறு. விரல்நகம் அளவு. தவிட்டு நிறம்.
ஊறுகாய் பாட்டிலைக் கவிழ்த்து ஒன்றைப் பிடித்து
டார்ச் அடித்துப் பார்த்தேன்:
தலைக்குப் பின்னால் இரண்டு கறுப்புக் கோடுகள்,
ஸ்கேல் வைத்து இழுத்ததுபோல.

கோட்டைத் தாண்டினார் என்று
ஏழெட்டு வருஷத்துக்கு முன் இவரைப் பிடித்து
பத்தொன்பது நாள் வைத்திருந்தார்கள்.
இது கோட்டை முதுகிலேயே சுமந்துகொண்டு
எங்கே வேண்டுமானாலும் போய்வருகிறது.

பாட்டிலுக்குள் மாட்டியது பெண்.
பின்னால் முட்டைப் பை, சில்லறை பர்ஸ் மாதிரி.
பொரிக்கும் நேரம் வரை கீழே வைக்காது.
உள்ளே முப்பதோ நாற்பதோ.
ஒன்றை நசுக்கிவிட்டுத் தூங்கப் போகிறவளுக்குக்
கூட்டல் தெரியாது.

பிரான்சிஸ்கா ஸ்ப்ரே கொடுத்தாள், அடித்தேன்.
செத்தவை ஏழு.
மிச்சம் சுவருக்குள் கலைந்துபோய்
இரண்டாம் நாள்
ஜெனோவாவின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து எட்டிப் பார்த்தன.

கடலில்லாத ஆண்கள் சங்கத்தில் கேரம் ஆடுவார்கள்.
ராத்திரி வெள்ளை விரல்களோடு வந்தார்.
மறுநாள் அந்தப் பொடி டப்பாவைத் திருப்பிப் படித்தேன்:
போரிக்.
அன்று சங்கத்தில்
ராணி பாதி வழியில் நின்றுவிட்டதாம்,
டப்பாவைக் காணோமாம்.

பொடி, கோதுமை மாவு, சர்க்கரை,
பிசைய வெங்காயச் சாறு.
மிளகளவு உருண்டைகள்.
மோட்டார் சூடு இறங்கும் ஃப்ரிட்ஜ் முதுகில்,
அலமாரிக் கீல்களில், சிலிண்டர் வளையத்துக்கு அடியில்,
பங்கு நாட்காட்டிக்குப் பின்னால்.
பக்கத்து வீட்டுக் கோழிக்கு எட்டாதபடி,
ஜெனோவாவிடம் இரண்டு தடவை சொல்லி.

பசியைவிடத் தாகம்தான் அவற்றுக்குப் பெரிது.
தங்கச்சிமடத்தில் எதைக் காயவைப்பது?
உப்பு ஜாடி நீர் விடும், தீக்குச்சி நமுத்துப் போகும்.
குடத்துக்குக் காசு கொடுத்து லாரியில் நான் வாங்கும் தண்ணீரை
குழாய் மூக்கில் நின்று இலவசமாய்க் குடிக்கின்றன.
படுக்கப் போகுமுன் தொட்டியைத் துணியால் ஒற்றியெடுத்தேன்,
குழந்தையின் தலையைத் துவட்டுவதுபோல.

இரண்டு மணிக்கு எழுவேன், எண்ணுவேன்,
நாட்காட்டியில் தேதிக்குக் கீழே எழுதுவேன்.
அறுபத்திரண்டு. ஐம்பத்தெட்டு.
அறுபத்தைந்து (அன்று மீன்குழம்புச் சட்டியை ஊறப்போட்டிருந்தேன்).
முப்பத்தொன்று.
பெந்தெகொஸ்தே ஞாயிறு: பன்னிரண்டு.
திருவிழாவுக்கு நேரமா என்று உபதேசியார் கேட்டார்,
ஆமென்று சொல்லிவைத்தேன்.
அந்தோனியார் திருநாளில் நான்கு.
தொலைந்ததை எல்லாம் தேடித்தருகிறவர்;
எனக்கு மட்டும் தேடித்தர வேண்டாமென்று
மெழுகுவர்த்தி வைத்தேன்.

தடை முடிந்தது.
அடுப்புக்கு வெந்நீர் ஊற்றி,
அரிசியை வெயிலில் பரப்பிப் புடைத்து,
ரேடியோவின் முதுகைக் கழற்றி உதறி,
ஒவ்வொன்றாக அனுப்பினேன்.
ஒரு டப்பா உருண்டையும்.
ஸ்டியரிங்குக்குக் கீழே வையுங்கள் என்றேன்.
சிரித்தார். வைத்திருக்கமாட்டார்.

அன்றிரவும் இரண்டு மணிக்கு விழிப்பு வந்தது.
விளக்கைப் போட்டேன். வெள்ளை.
நடு மேடையில் எள்ளளவு ஒன்று,
நேற்றுப் பொரித்தது,
மீசையை ஆட்டி ஆட்டி நின்றது.
செருப்பைத் துழாவினேன்.
கையில் கிடைத்தது அவருடையது;
படகில் வெறுங்காலோடுதான் நிற்பார்.

நாட்காட்டியில் எழுதினேன்: ஒன்று.